கம்ப்யூட்டர்ல பாட்டு, டிவியில கோலம்: ரெண்டாவது திரையில விஷுவலைசர் ஓட்டினவங்க வாங்க

பழைய_வின்ஆம்ப்:
ஹால் டிவியில மில்க்டிராப் (பாட்டுக்கேத்த மாதிரி தானா படம் வரையுற விஷுவலைசர்) ஓடுற வீடியோவைப் போட்டதுல இருந்து "இது எப்படிண்ணே?"ன்னு ஒரே கேள்வி. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, இங்கயே எழுதிடுறேன். ஓட்டிப் பார்த்தவங்க உங்க கதையையும் கீழ போடுங்க.

திரை சமாச்சாரம் ரெண்டு நிமிஷ வேலைதான். லேப்டாப்ல இருந்து டிவிக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள், விண்டோஸ் பட்டனோட பி, அதுல 'எக்ஸ்டெண்ட்'. 'டூப்ளிகேட்' வெச்சா நீங்க பாட்டு தேடுறது, நடுவுல எட்டிப் பார்க்குற வாட்ஸ்ஆப், எல்லாம் சொந்தக்காரங்க முன்னாடி பெருசா ஓடும். மில்க்டிராப் செட்டிங்ஸ்ல ஃபுல் ஸ்கிரீனுக்கு எந்த மானிட்டர்னு கேக்கும். அங்க டிவியைக் காட்டிட்டா, படத்து மேல டபுள் கிளிக் பண்ணினதும் நேரா அங்க போய் உட்கார்ந்துக்கும். பிளேலிஸ்ட் லேப்டாப்ல, நம்ம கையில.

மில்க்டிராப்பை எழுதினவர் ரையன் கைஸ். 2001-ல வின்ஆம்ப்ங்கிற பாட்டு பிளேயருக்காக வந்துச்சு, 2005-ல சோர்ஸ் கோடையே வெளியில விட்டாரு. உள்ள நடக்குறது சிக்கனமான வித்தை. முந்தின ஃபிரேமை அழிக்காம லேசா இழுத்து, கொஞ்சம் திருப்பி, மங்கலாக்கி, அது மேலயே புது அலையை வரையுது. இதையே விடாம செஞ்சுட்டு இருந்தா சுரங்கமாவும் புகையாவும் விரியுது. பாட்டுல இருந்து முக்கியமா மூணு எண்ணை எடுத்துக்குது: பேஸ் (கனத்த சத்தம்), மிட் (நடு), ட்ரெபிள் (கீச்சுச் சத்தம்). 1-ன்னா வழக்கமான அளவு. 0.7-க்குக் கீழ போனா அடங்கிக் கிடக்கு, 1.3-ஐத் தாண்டினா அதிருதுன்னு அர்த்தம். வால்யூம் எவ்வளவுங்கிறது பெருசில்ல, கொஞ்ச நேரம் முன்னாடி ஓடினதை விட கூடவா குறைவாங்கிறதுதான் கணக்கு.

பெங்குவின்_அக்கா:
நான் லினக்ஸ். இங்க மில்க்டிராப்போட அதே ப்ரீசெட்டை (படம் எப்படி ஆடணும்னு எழுதி வெச்ச டிசைன்) புராஜெக்ட்எம்ங்கிற புரோகிராம் ஓட்டும். மேஜை மானிட்டர்ல அருமையா ஆடிட்டு இருந்துச்சு. டிவி கேபிளைச் சொருகினேன், நடுவுல ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். பாட்டு டிவியில கணீர்னு கேக்குது, படம் செத்துக் கிடக்கு. தம்பி வந்து கேபிளை மாத்துன்னான், கிராபிக்ஸ் டிரைவரை மாத்துன்னான்.

கோளாறு படத்துல இல்ல, சத்தத்துல. ஹெச்டிஎம்ஐ சொருகினா சத்தமும் அந்த வழியா போக ஆரம்பிச்சிடுது. புராஜெக்ட்எம் மட்டும் பழைய ஸ்பீக்கர் பக்கமே காதை வெச்சுட்டு உட்கார்ந்திருக்கு, அங்க ஒண்ணும் ஓடல. பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோலைத் திறந்து 'ரெக்கார்டிங்' பக்கம் போனா புராஜெக்ட்எம் பேர் நிக்கும். அது பக்கத்துல இருக்குற பட்டியல்ல ஹெச்டிஎம்ஐயோட 'மானிட்டர்'னு (திரை இல்ல, அந்த வழியா போற சத்தத்தோட நகல்) இருக்குறதைத் தொட்டேன், குபுக்குனு உயிர் வந்துச்சு. புராஜெக்ட்எம் ஓடிட்டு இருக்கும்போதுதான் அந்தப் பேரே அங்க தெரியும், அதை மறந்துடாதீங்க.

மேக்ல சிஸ்டம் சத்தத்தை இன்னொரு ஆப்புக்குக் குடுக்க பிளாக்ஹோல் மாதிரி ஒரு விர்ச்சுவல் ஆடியோ டிரைவர் போட்டுக்கலாம்.

நெல்லை_நைட்ஷிப்ட்:
ஸ்பாட்டிஃபை பாட்டுக்கு வின்ஆம்ப் ஆடுமாண்ணே?

பழைய_வின்ஆம்ப்:
ஆடும் தம்பி, சுத்தி வளைச்சு. வின்ஆம்ப்ல கன்ட்ரோல் எல் அழுத்தி, ஆங்கிலத்துல லைன்இன்னு சேர்த்து அடிச்சு, முக்காற்புள்ளி, ரெண்டு சாய்கோடு போடு. ரெக்கார்டிங் டிவைஸ்ல என்ன வருதோ அதைப் படமாக்கும். அந்த டிவைஸா 'ஸ்டீரியோ மிக்ஸ்' வெச்சுட்டா கம்ப்யூட்டர்ல எது ஓடினாலும் ஆடும். ஸ்டீரியோ மிக்ஸ் கண்ணுல படலேன்னா, சவுண்ட் செட்டிங்ஸ்ல முடக்கி வெச்ச டிவைஸ்களையும் காட்டச் சொல்லிப் பாரு. எல்லா சவுண்ட் கார்டுலயும் இருக்காது. இவ்வளவு சுத்தணுமான்னா மில்க்டிராப் 3 இருக்கு, அது சிஸ்டம் சத்தத்தை நேராவே பிடிச்சுக்கும்.

மண்டபம்_சவுண்ட்:
நமக்குத் தொழிலே மைக்செட்டு. ஒரு ரிசப்ஷன்ல மேடைக்குப் பின்னாடி எல்இடி வால். மெல்லிசைக் குழு பாடப் பாட அதுக்கேத்த மாதிரி ஓடணும்னு மாப்பிள்ளை வீட்டுல ஆசை. மிக்சர்ல இருந்து ஆக்ஸ் அவுட் (கூடுதல் அவுட்புட்) எடுத்து பையன் லேப்டாப் மைக் ஓட்டையில குடுத்துட்டான். மைக் ஓட்டை எதிர்பார்க்குறது துளியூண்டு வோல்டேஜ், மிக்சர் அனுப்புறது அதை விடப் பல மடங்கு பெரிய லைன் லெவல். சத்தம் மொத்தமும் கிளிப் ஆகி (உச்சி வெட்டுப்பட்டு), சோகப் பாட்டுக்கும் குத்துப் பாட்டுக்கும் திரையில ஒரே வெறியாட்டம். லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு போட்டதும் அடங்குச்சு.

அப்புறம் லேப்டாப்ல சார்ஜ் குறையுதுன்னு சார்ஜரைச் சொருகினாங்க. கிக் டிரம் நெஞ்சுல இடிக்குது, திரையில ஒண்ணும் அசையல. ஹெட்போனை மாட்டிக் கேட்டா லேப்டாப்புக்குப் போற லைன்ல 'ம்ம்ம்'னு கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸ் ஹம். ஸ்பீக்கருக்குப் போற லைன் சுத்தமா இருக்குறதால சபையில யாருக்கும் கேக்கல. விஷுவலைசர் மட்டும் அதையும் பேஸ்னு எண்ணிக்குது. மேல அண்ணன் சொன்ன கணக்கேதான்: எப்பவும் இருக்குற பேஸ் சராசரியை ஏத்தி வெச்சிடும், டிரம் எவ்வளவு அடிச்சாலும் அதைத் தாண்டி எகிறாது. சார்ஜரைப் பிடுங்கினோம், திரை துள்ளுச்சு. பேட்டரியை நம்பி ரிசப்ஷன் ஓட்ட முடியாதே, அதனால மிக்சருக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவுல ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு ஆடியோ லைனோட கிரவுண்டைப் பிரிச்சுவிட்டோம்.

அடுத்து போட்டோகிராபர் வந்தாரு சண்டைக்கு. பொண்ணு கன்னம் ஒரு போட்டோவுல பச்சை, அடுத்ததுல ஊதா. மஞ்சளும் பொன்னுமா இருந்த ஒரு ப்ரீசெட்டுக்கு வர்ற வரை ஸ்பேஸ் தட்டி, ஸ்க்ரால் லாக்கை அழுத்தி அங்கயே பூட்டிட்டோம். அதுக்கப்புறம் அவருக்கும் சந்தோஷம், சாப்பாட்டுப் பந்தியில பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு.

ஆலாபனை_ரசிகர்:
உங்கள் பேஸ் கணக்கு எங்கள் சங்கதிக்கு ஒத்துவராது. தம்புரா சுருதி இடைவிடாமல் ஒலிக்கிறது, ஆலாபனையில் மிருதங்கம் இல்லை. மூன்று எண்களும் 1-ஐ ஒட்டியே நிற்கின்றன. பிரபலமான ப்ரீசெட்டுகளில் பல, பாடகர் உயிரை விட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது தூங்கி வழிகின்றன. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியபின்தான் அவற்றுக்குச் சுரணை வருகிறது.

அலைவடிவத்தை அப்படியே கோடாக வரையும் ப்ரீசெட்டுகள் வேறு ரகம். வின்ஆம்ப் தன் விஷுவலைசருக்கு ஒரு தடவையில் தருவது சேனலுக்கு 576 சாம்பிள் (ஒலி அளவீடுகள்). விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது சுமார் 13 மில்லிவிநாடி. ஒரு கட்டையில் பாடும் ஆணின் மத்யஸ்தாயி ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அந்த இடைவெளிக்குள் இரண்டு அலைகூட முழுதாக அடங்காது. தாரஸ்தாயி ஸட்ஜத்தில் மூன்றரை அலை நெருங்கி நிற்கும். ஸ்வரம் ஏற ஏறக் கோடு இறுகுவதும், கமகத்தில் அது இழுபட்டு மீள்வதும் பெரிய திரையில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கச்சேரிக்கு என் தேர்வு இதுதான், மற்ற வாணவேடிக்கை எல்லாம் நாதஸ்வரம் தவிலுக்கு விட்டுவிட்டேன்.

மண்டபம்_சவுண்ட்:
தவிலுக்கு ஓட்டிப் பாருங்க சார், டிஸ்ப்ளே கிழியும்.

ரேடியோ_ரிப்பேர்:
விஷுவலைசர் ஏதோ கம்ப்யூட்டர் வந்தப்புறம் பிறந்த சரக்குன்னு நினைக்காதீங்க. 1977-லயே அட்டாரி 'வீடியோ மியூசிக்'னு ஒரு பெட்டியை வித்தாங்க. விலை 169.95 டாலர். ஸ்டீரியோவுக்கும் டிவிக்கும் நடுவுல மாட்டணும், குமிழைத் திருகினா கட்டம் கட்டமா வடிவம் மாறும். செஞ்சவர் ராபர்ட் பிரவுன், வீட்டு டிவிக்கான பாங் விளையாட்டுல வேலை பார்த்தவர். அதுல ரெண்டாவது திரைங்கிற பேச்சே இல்ல, டிவி ஒண்ணுதான் திரை.

நெல்லை_நைட்ஷிப்ட்:
அண்ணே, ஓட்டிட்டேன்! ஆனா டிரம்ஸ் அடிச்சு கொஞ்சம் கழிச்சுதான் படம் குதிக்குது. திக்கித் திக்கியும் ஓடுது. அம்மா வேற "கண்ணு கூசுது, நிறுத்துடா"ங்கிறாங்க.

பழைய_வின்ஆம்ப்:
முதல்ல அம்மாவைக் கவனி. பளிச் பளிச்னு மின்னுறது சிலருக்கு வலிப்பையே இழுத்து விட்டுடும். விநாடிக்கு மூணு தடவைக்கு மேல பளிச்சிடக் கூடாதுங்கிறது வெப்சைட்டுக்கே உள்ள விதி. செட்டிங்ஸ்ல 'ஹார்டு கட்'டை (ஒரு படத்துல இருந்து சட்டுனு அடுத்ததுக்குத் தாவுறது) நிறுத்து, மெதுவா கலந்து மாறும். ஹால் லைட்டையும் அணைக்காதே.

தாமதம் டிவியோடது. படத்தை மெருகேத்துறேன்னு கொஞ்ச நேரம் உள்ளயே வெச்சுக்கும். 'கேம் மோடு' போடு, பெரும்பாலும் சரியாயிடும். சத்தத்தையும் ஹெச்டிஎம்ஐ வழியாவே டிவிக்கு விட்டா ரெண்டும் சேர்ந்தே வரும். புளூடூத் ஸ்பீக்கர்ல கேட்டா கதை தலைகீழ், சத்தம்தான் பின்தங்கும். ரெண்டு தாமதமும் ஒத்துப்போய் சரியா அமைஞ்ச வீடும் உண்டு, அது அவங்க அதிர்ஷ்டம்.

திக்குறதுக்கு, உன் டிவி 4கே-ன்னா டிஸ்ப்ளே செட்டிங்ஸைப் பாரு. பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டுல 4கே-க்கு 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். 1080-க்கு இறக்கி 60 ஹெர்ட்ஸ் வெச்சுக்கோ. அப்பவும் லேப்டாப் மூச்சு வாங்கினா மில்க்டிராப்ல 'மெஷ் சைஸ்'ஸை (படத்தை இழுத்து வளைக்குற கட்டங்களோட எண்ணிக்கை) குறை. டிவி ஓரத்துல படம் வெட்டுப்பட்டா, டிவி ரிமோட்ல பிக்சர் சைஸை மாத்து, லேப்டாப்பைத் தொடாதே.