ஸ்பட்கேன் ஃபுட்பிரின்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளில் வேலைக்குச் சேரும் பையன்களுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் 1974-இல் எண்ணெய் கண்ட சாகர் சாம்ராட் போன்றவை ஜாக்-அப் ரிக்: கடலடியில் கால் ஊன்றி, மேடையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பவை. பெரும்பாலும் மூன்று கால். ஒவ்வொன்றின் அடியிலும் முனை கீழே பார்த்த கூம்புபோல ஸ்பட்கேன். பெரிய ரிக்குகளில் 20 மீட்டர் அகலம்கூட இருக்கும். ரிக்கின் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, அந்தப் பாரத்தில் கால்களை மண்ணில் இறக்கி உறுதி பார்ப்பார்கள். வேலை முடிந்து காலை உருவினால் குழி விழும். சுற்றிலும் களிமண் குழைந்து கிடக்கும். அதுதான் ஃபுட்பிரின்ட். அப்புறம் அதே இடத்துக்கு வேறொரு ரிக் வரும். அதன் கால் இடைவெளி வேறு. பழைய குழியின் ஓரத்தில் கால் இறங்கினால் உள்ளே சறுக்கும், கால் வளையும், ரிக் பக்கத்தில் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடையில் மோதவும் கூடும். "காலடித் தடம்" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

---

தடம் வேண்டாம் ஐயா. தடம் என்றால் வழி, பின்பற்றிப் போவதற்கு. இது விலகிப் போக வேண்டிய இடம். "பாதவடு" என்போம். நாவினால் சுட்ட வடு ஆறாது என்றார் வள்ளுவர். வண்டல் படிந்து குழி தூர்ந்தாலும் உள்ளே மண் வலுவிழந்தே கிடக்கலாம். வடு என்ற சொல்லில் அது இருக்கிறது.

ஜாக்-அப்பைத் தூக்குமேடை என்று மட்டும் பெயர்த்துவிடாதீர்கள்.

---

வடு ஆறிப்போன புண்ணின் அடையாளம் அல்லவா? பையன்களுக்கு மாவடுதான் நினைவுக்கு வரும். தொளி அடித்த வயலில் நாற்று நட்டவள் நான். முதல் நாள் கால் பதிந்த பள்ளத்துக்கு அருகில் மறுநாள் கால் வைத்தால், நாம் வைத்த இடத்தில் அது நிற்காது. வழுக்கிப் பழைய பள்ளத்துக்குள்ளேயே போகும், இடுப்பு வெட்டும். ரிக்குக்கு நடப்பதும் அதுவே. "காற்குழி" போதும்.

சங்கத் தமிழில் குண்டு என்றால் ஆழம். சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது என்கிறோமே, அந்தக் குண்டும் இதுதான் என்பேன். "காற்குண்டு" என்றும் ஆக்கலாம், ஆனால் வெடிகுண்டாகப் படித்துவிடுவார்கள்.

---

காற்குழியைக் காற்றோடு சேர்த்துப் படிப்பான். புணர்ச்சி பார்க்காமல் "கால்குழி" என்று விடுங்கள்.

---

காற்சட்டை போடுகிறவனுக்குக் காற்குழி புரியும்.

---

அனைவருக்கும் நன்றி. நால்வர் காற்குழிக்குக் கை தூக்கியிருக்கிறீர்கள், அதையே வைக்கிறேன். அடுத்த பத்தி இப்படி வருகிறது: "முடிந்தால் காற்குழியை விட்டு ஸ்பட்கேனின் விட்டம் அளவாவது தள்ளி நிறுத்துக. முடியாவிட்டால் சரளை கொட்டி நிரப்புக. அல்லது ஸ்பட்கேனாலேயே பலமுறை மிதித்துக் குழியின் சரிவை உடைக்கலாம். அடி தட்டையாகவோ விளிம்பில் பாவாடைபோல் தகடு தொங்கும்படியோ ஸ்பட்கேனை வடிவமைத்தால் சறுக்கல் குறையுமா என்றும் ஆராய்ந்து வருகிறார்கள்."

---

அச்சேறட்டும் ஐயா, தடுக்க மாட்டேன். ஆனால் குழி தூர்ந்து தரை சமமாகி, அடிமண் மட்டும் கெட்டிருக்கும் இடத்தை மாணவனுக்கு எப்படிச் சொல்வீர்கள்? குழி இல்லாத காற்குழி என்றா?