தாப்பா பக்கம் ரூம் எடுத்தவர்கள், ரூம் கொடுத்தவர்கள்: அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரவுக் கிராணி:

வணக்கம். பேராக் மாநிலத் தாப்பா டவுனில் இருபது ரூம் உள்ள ஒரு பழைய ரூமா தும்பாங்கானில் (சின்னத் தங்கும் விடுதியில்) பதினோரு வருஷம் ராத்திரி கவுண்டர் பார்த்தவன் நான். கீழே சீன மருந்துக் கடை, மேலே ரெண்டு மாடி ரூம், லிப்ட் கிடையாது. போன வருஷம்தான் வேலையை விட்டேன். தங்கிய கதை எல்லாரிடமும் இருக்கும். தங்க வைத்த கதை வைத்திருப்பவர்களும் இங்கே சிலர் இருப்பீர்கள். எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன், அதுவும் என் தப்பிலிருந்து.

எங்கள் கடைக்கு மூன்று சீசன். பள்ளி விடுமுறையில் கேமரன் மலை நிரம்பிவிட்டால் மேலே இடம் கிடைக்காதவர்கள் எங்களிடம் இறங்குவார்கள். யூஐடிஎம் பல்கலைக்கழக வளாகத்தில் புது மாணவர் பதிவு என்றால் பெற்றோர் கூட்டம். மூன்றாவது நம்ம ஆள்களுடையது, தோட்டத்துக் கோயில் திருவிழா. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ லயங்களை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது. கோயில் மட்டும் நிற்கிறது. கிள்ளான், ஜோகூர், சிங்கப்பூர் என்று போனவர்கள் பால்குடம் எடுக்க வருஷத்துக்கு ஒரு தடவை வந்துவிடுவார்கள். சாமிக்கு இடம் இருக்கிறது, வந்தவர்களுக்குப் படுக்க இடம் இல்லை.

அப்படி ஒரு திருவிழா வாரம், ராத்திரி ஒரு மணிக்கு ஜோகூரிலிருந்து வேன் வந்து நின்றது. ஏழு பேர். புக்கிங் ஆப்பில் ரெண்டு ரூம் போட்டிருந்தார்கள். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் கடை முதலாளி தவுக்கே போனிலேயே ஒரு ரூமை யாருக்கோ விற்றுவிட்டார், நான் அதை ஆப்பில் மூட மறந்துவிட்டேன். ஒரே ரூமுக்கு ரெண்டு சொந்தக்காரர்கள்.

இந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ரூம் இல்லை என்றால் வந்தவரைத் தெருவில் விடக் கூடாது. வேறு இடத்தில் அதே தரத்தில் ரூம் பிடித்துக் கொடுத்து, கூடுதல் காசைக் கடைதான் கட்ட வேண்டும். நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர்களோடு வந்த பாட்டி மட்டும் சத்தம் போடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னது: “மூணாம் லயம் இருந்திருந்தா நாங்க ஏம்பா ஒங்கிட்ட வந்து நிக்கிறோம்?”

பீடோரில் ஒரு ரூம் கிடைத்தது. முப்பது வெள்ளி (ரிங்கிட்) அதிகம். அந்த முப்பது என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பாட்டியைக் கீழ் மாடி ரூமில் வைத்துக்கொண்டேன்.

செம்பனை:

அண்ணே, நீங்க நல்லவரா இருக்கலாம், ஆனா உங்க தொழில் நல்ல தொழில் இல்ல. சாதாரண நாள்ல அறுபது வெள்ளிக்குக் கொடுக்குற ரூம், திருவிழாவுக்கு நூத்தி முப்பது. ரூம் அதே ரூம்தானே? அதே பிளாஸ்டிக் வாளி, அதே சத்தம் போடுற ஏர்கோன். நாங்க பொறந்து வளர்ந்த ஊர்ல நாங்களே டூரிஸ்ட் மாதிரி காசு கட்டுறோம். போன தடவை எங்க சித்தப்பா கவுண்டர்ல ஐ.சி. (அடையாள அட்டை) கொடுக்கும்போது, “அட்ரஸ் பாரு தம்பி, பழைய ஐ.சி.ல இந்தத் தோட்டத்துப் பேருதான் இருந்துச்சு”ன்னு சொன்னாரு. கவுண்டர்ல இருந்த பையன் வங்காளதேசி. பாவம், அவனுக்கு என்ன தெரியும், சிரிச்சான்.

இரவுக் கிராணி:

தம்பி கோபம் நியாயம். ஆனா கணக்கைக் கேளுங்க. மளிகைக் கடையில் இன்றைக்கு விற்காத அரிசி நாளைக்கு விற்கும். ரூம் அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி காலியாகக் கிடந்த ரூமைப் புதன்கிழமை சேர்த்து விற்க முடியாது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை, லைசன்ஸ், என் சம்பளம் எல்லாம் ஓடும். வருஷத்தில் பாதி நாள் பாதி ரூம் காலி. அந்த ஓட்டையை அடைக்கத்தான் திருவிழா விலை.

தவுக்கே தினமும் காலையில் கேட்பது “எத்தனை ரூம் போச்சு?” என்று இல்லை. மொத்த வசூலை இருபதால் வகுக்கச் சொல்வார். பன்னிரண்டு ரூம் எண்பது வெள்ளிக்குப் போனால் 960, வகுத்தால் ரூமுக்கு 48. பதினாறு ரூம் அறுபத்தைந்துக்குப் போனால் 1,040, வகுத்தால் 52. விலையைக் குறைத்ததே லாபம் போலத் தெரியும். ஆனால் கூடுதலாகப் போன நாலு ரூமுக்கும் துணி துவைக்க, சோப்பு, தண்ணி பாட்டில், மின்சாரம் என்று ரூமுக்குப் பன்னிரண்டு வெள்ளி வைத்தால் 48 போய்விடும். கூடுதலாக வந்த 80-இல் மிச்சம் 32 வெள்ளி. அந்த நாலும் ஆப் வழியாக வந்திருந்தால் அதுவும் இல்லை, எங்களிடம் கமிஷன் நூற்றுக்குப் பதினெட்டு பிடித்தார்கள். நாலு ரூமுக்கு 65 வீதம் 260, அந்த 260-க்கு 18 விழுக்காடு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். நட்டம்தான்.

அதனால்தான் சொல்கிறேன், சின்னக் கடைக்கு நேரே போன் பண்ணுங்கள். ஆப் விலையைச் சொல்லி அஞ்சு பத்து குறைக்கச் சொன்னால் பெரும்பாலும் குறைப்பார்கள்.

லோரிக்காரன் மகன்:

எங்கப்பா ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் பலகை ஏற்றியவர். அப்போதெல்லாம் பழைய ரோடுதான். தாப்பா, பீடோர், சுங்கை, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வொரு டவுனையும் தொட்டுக்கொண்டு போகணும். மழை பிடித்தால் எங்காவது படுத்துவிட்டுத்தான் போவார். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்த பிறகு யார் டவுனுக்குள் வருகிறார்கள்? ரெஸ்ட் ஏரியாவில் கோப்பி குடித்துவிட்டு ஒரே ஓட்டம். இந்த டவுன்களில் மேல் மாடி ரூம்கள் பல மாதவாடகைக்குப் போனதும், குருவிகளைக் கூடு கட்ட வைத்து அதை விற்பதற்காக ஜன்னலை அடைத்ததும் அதற்குப் பிறகுதான்.

ரூமா ரேஹாட் ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது? வெள்ளைக்காரன் காலத்தில் சுற்றி வரும் அதிகாரிகள் தங்கக் கட்டியது. உயரமான கூரை, அகல வராண்டா, ஹைனானிஸ் குக் போடும் சிக்கன் சாப். அப்பா ஒரே ஒரு தடவை லோரி ரிப்பேராகி அப்படி ஒன்றில் தங்கினாராம். “தொரை பங்களால படுத்த மாதிரி இருந்துச்சு, ஆனா தூக்கம் வரல”ன்னு சொல்வார்.

மூணாம் மாடி அக்கா:

நான் பேச வேண்டியது கவுண்டர் பற்றி இல்லை, கட்டில் பற்றி. பள்ளிக்கூடம் முடித்ததும் அம்மாவோடு ரப்பர் பால் வெட்டப் போனேன், ரெண்டு வருஷம். அப்புறம் கேமரனில் ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங். ஹோட்டல் பெயர் வேண்டாம். பத்தொன்பது வருஷம்.

ஒரு நாளைக்குப் பதினாலு ரூம் என் கணக்கு. ஒரு ரூமுக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலே ஏழு மணி நேரம். “ஏன் மூணு மணிக்குத்தான் செக்-இன், நாங்க பதினோரு மணிக்கே வந்துட்டோமே” என்று கீழே சண்டை போடுபவர்களே, பன்னிரண்டு மணிக்கு நீங்கள் காலி செய்வீர்கள், மூணு மணிக்கு அடுத்தவர் வருவார். அந்த மூணு மணி நேரத்தில் ஒரு ஆளுக்கு ஆறு ரூம்தான் தாங்கும். மீதி ரூம்களை, உள்ளே இருப்பவர் வெளியே போகும் நேரம் பார்த்து முன்னும் பின்னும் செய்ய வேண்டும்.

பெட்ஷீட் போடுவதில் ஒரு முறை இருக்கிறது. கால் பக்கம் முதலில் மெத்தைக்கு அடியில் செருகி, பக்கவாட்டில் தொங்குவதை முக்கோணமாகத் தூக்கி மேலே வைத்து, கீழ்த் துண்டைச் செருகி, அப்புறம் முக்கோணத்தை இறக்க வேண்டும். அப்போதுதான் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். மெத்தையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். பெரிய கட்டில் என்றால் நாலு தடவை தூக்கணும். பதினாலு ரூம், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். என் வலது மணிக்கட்டு இன்றைக்கும் குளிரில் வலிக்கிறது. கேமரனில் எப்போதும் குளிர்தான்.

ஸ்ட்ராபெரி கறை போகாது. வெள்ளை ஷீட்டில் ஸ்ட்ராபெரி வைத்துச் சாப்பிடாதீர்கள், தயவு செய்து.

சம்பளக் கதைக்கு வருகிறேன். பில்லில் பத்து விழுக்காடு சர்விஸ் சார்ஜ் போடுகிறார்களே, அது பாயிண்ட் கணக்கில் எங்களுக்குப் பிரித்துத் தர வேண்டியது. ஆளுக்கு இத்தனை பாயிண்ட், அந்த மாத வசூலுக்கு ஏற்ப ஒரு பாயிண்ட் இத்தனை வெள்ளி. டிசம்பரில் கை நிறையும், மழை மாதத்தில் சுருங்கும். குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது, “சர்விஸ் பாயிண்டையும் சேர்த்தால் வந்துவிட்டதே” என்று எங்கள் ஆபீஸில் கணக்குக் காட்டினார்கள். கஸ்டமர் எங்களுக்குக் கொடுத்த காசை எடுத்து, முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தில் போட்டால் எப்படி? இதே வாதம் வேறொரு ஹோட்டல் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2021-இல் அப்படிச் சேர்க்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தொழிற்சங்கம் விடாமல் நடத்திய வழக்கு. எங்கள் சூப்பர்வைசர் அந்தச் செய்தியை வாட்சாப்பில் அனுப்பினார், பிறகு அதை அவரே அழித்துவிட்டார். நான் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

நல்ல கதை ஒன்று. வயதான தம்பதி, தோட்டத்தில் இருந்தவர்கள், பார்த்தாலே தெரியும். செக்-அவுட் ஆன ரூமைத் திறந்தால் கட்டில் விரித்த மாதிரியே இருக்கிறது, துண்டு நாலாக மடித்து வைத்திருக்கிறது, பாத்ரூம் தரையைக் கூடத் துடைத்திருக்கிறார்கள். படுக்கவே இல்லையோ என்று ஷீட்டைத் தூக்கினேன், தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசனை. எப்படியும் எல்லாவற்றையும் உருவித்தான் ஆக வேண்டும், வேலை குறையவில்லை. ஆனாலும் அன்றைக்குக் கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அது எங்களுக்குத் தடை.

இரவுக் கிராணி:

அக்கா, பதினோரு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் எங்கள் மாடியைக் கூட்டிய அம்மாவிடம் நான் இதெல்லாம் கேட்டதே இல்லை.

ரெண்டு வீட்டு முதலாளி:

நான் ஹோம்ஸ்டே நடத்துபவன். அடி வாங்கத் தயாராகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாம் ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டுகிறோமே, அது ஹோம்ஸ்டே இல்லை. அரசாங்கத் திட்டம் 1995-இல் தெமர்லோ பக்கம் டேசா மூர்னி கம்பத்தில் (கிராமத்தில்) தொடங்கியது. அங்கே விருந்தாளி குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, கம்பத்து வாழ்க்கையைப் பார்ப்பார். நான் செய்வது வீட்டை நாள் வாடகைக்கு விடுவது. சாவியைப் பூத்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புவேன், அவ்வளவுதான் என் உபசாரம்.

மூணு ரூம் டெரஸ் வீடு, எட்டுப் பேர் என்று புக் பண்ணினார்கள். திருவிழாக் கூட்டம். காலையில் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் போன் பண்ணி, “உங்கள் வீட்டில் கல்யாணமா?” என்று கேட்டார். போய்ப் பார்த்தால் இருபத்திரண்டு ஜோடிச் செருப்பு. வீட்டு முன்புறத்தில் கேஸ் அடுப்பு வைத்து அன்னதானத்துக்குச் சாம்பார் கொதிக்கிறது. சண்டை போடத்தான் போனேன். ஒரு அக்கா தட்டில் இட்லியை வைத்து, “பசியாறிட்டுப் பேசுங்க” என்று கையில் கொடுத்துவிட்டார். பிறகு என்ன பேசுவது. டெப்பாசிட்டில் எண்பது வெள்ளி பிடித்தேன், பக்கத்து வீட்டு வாசலை மறித்துக் கார் போட்டதற்கு. அதில் ஐம்பதுக்கு மக்சிக்குக்கு டுரியான் வாங்கிக் கொடுத்தேன்.

2020 மார்ச் 18 கொரோனாவுக்காகப் பிகேபி (நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டதிலிருந்து 2021 அக்டோபரில் மாநிலம் தாண்ட விட்டது வரை ரெண்டு வீட்டுக்கும் கடன் கட்டியதைச் சொன்னால் கண்ணீர்தான் வரும். அதனால் சொல்லவில்லை.

நைட் ஆடிட் ராஜா:

கோலாலம்பூரில் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இருக்கிறேன், சொந்த ஊர் பீடோர். மூணாம் மாடி அக்கா சொன்ன “முதலாளி” எங்களிடம் யார் என்றே தெரியாது. வாசலில் இருப்பது வெளிநாட்டுப் பெயர். ஹில்டன், மாரியோட் மாதிரி பெரிய பெயர்களுக்குச் சொந்தமான கட்டடம் ரொம்பக் குறைவு. கட்டடம் ஒருவருடையது, நடத்துவது அல்லது பெயரை வாடகைக்குக் கொடுப்பது இன்னொருவர். வசூலில் ஒரு பங்கு பெயருக்குப் போகும், நட்டம் வந்தால் கட்டடக்காரர் தலையில்.

இன்னொன்று, பில். 200++ என்று போட்டிருந்தால் அது 200 இல்லை. ஒரு பிளஸ் அக்கா சொன்ன சர்விஸ் சார்ஜ், இன்னொரு பிளஸ் சேவை வரி. தங்குமிடத்துக்கு அது 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. கிராணி அண்ணன் கடையில் இது ஏன் இல்லை என்றால், வருஷ வசூல் ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிய வேண்டும். இருபது ரூம், அறுபது விழுக்காடு நிரம்பி, எண்பது வெள்ளி என்றால் மூன்றரை லட்சம்தான் வரும். சிங்கப்பூர் மாமாக்கள் கவனிக்க: வெளிநாட்டவருக்கு ரூமுக்கு ஒரு ராத்திரிக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி, 2017 செப்டம்பரிலிருந்து. நமக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இல்லை. கவுண்டர் பையனைத் திட்டாதீர்கள், அது அவன் பாக்கெட்டுக்குப் போவதில்லை.

நட்சத்திரம் கிடைக்காத சின்ன ஹோட்டல்களுக்கு ஆர்கிட் என்று ஒரு தரம் உண்டு, ஒன்று முதல் மூன்று பூ. அடுத்த தடவை கவுண்டர் சுவரில் தேடிப் பாருங்கள்.

செம்பனை:

சரி, எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. வர்ற திருவிழாவுக்கு நாங்க ஒன்பது பேர், பாட்டிக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு. இரவுக் கிராணி அண்ணே, உங்க பழைய கடையிலயே போடலாமா?

இரவுக் கிராணி:

போடுங்க. இப்போதே நேரே போன் பண்ணிக் ரெண்டு மாடியில் கீழ் மாடி ரூமைக் கேளுங்க, 103 அல்லது 104, பாட்டி ஒரு மாடிதான் ஏற வேண்டும். ரெண்டும் பின் பக்கம், காலையில் பாசார் சத்தம் வராது. 101 வேண்டாம், படிக்கட்டு ஓரம், ராத்திரி முழுக்கச் செருப்புச் சத்தம். 104-இல் மேற்கூரையில் முஸ்லிம்கள் தொழும் திசையைக் காட்டும் கிப்லாட் அம்பு ஒட்டியிருக்கும், பாட்டி அது ஏதோ ஓட்டை என்று பயப்பட வேண்டாம். பாத்ரூம் வாசலில் ஒரு படி இருக்கிறது, முதலிலேயே சொல்லி வையுங்க. சாவிக்கு ஐம்பது வெள்ளி டெப்பாசிட், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க, இப்போது இருக்கும் பையன் ரசீது இல்லாமல் தர மாட்டான்.