புதுப்பிப்பு: புல்வெட்டும் ரோபோவா, ஆளா? முடிவு எடுத்துவிட்டோம்

ஏப்ரலில் கேட்டிருந்தேன்: ஜெர்மனியில் கொலோன் நகரின் ஓரத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் 300 சதுர மீட்டர் புல்தரை இருக்கிறது, ரோபோ வாங்குவதா, மாதம் இருமுறை வரும் தோட்டக்காரரிடம் விடுவதா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ரோபோவை வாங்கிவிட்டோம்.

செயற்கைக்கோள் சிக்னலை நம்பி ஓடும் வகையைத்தான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் வால்நட் மரம் பாதி வானத்தை மறைக்கிறது. அதன் அடியில் சிக்னல் நிற்பதில்லை. ஆகவே எல்லைக் கம்பி பதிக்கும் வகையே: புல்தரையின் ஓரத்தைச் சுற்றிக் கம்பி பதித்தால், ரோபோ அதை உணர்ந்து தாண்டாமல் திரும்பிவிடும். அந்தக் கம்பியைப் பிடித்து நிறுத்த இரண்டு சனிக்கிழமைகள் மண்டியிட்டு முளை அடித்தேன். தினமும் நுனிப்புல்லை மட்டுமே வெட்டுவதால் அள்ளிப் போடும் வேலை இல்லை. உதிர்ந்த தூள் அப்படியே மண்ணுக்கு உரமாகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இரவில் ஓட விடாதீர்கள். முள்ளெலி ஆபத்தைக் கண்டால் ஓடாது, அங்கேயே சுருண்டு கிடக்கும். கத்தி அதைக் கிழித்துவிடும். கொலோனில் 2024 அக்டோபர் முதல் இரவில் ஓட்டத் தடையே இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு மாலை, வேலி ஓரத்தில் குட்டி ஒன்று மூக்கை மட்டும் நீட்டிச் சருகை முகர்ந்துகொண்டிருந்தது. அன்று முதல் எங்கள் இயந்திரம் காலை 10 முதல் பிற்பகல் 2 மணி வரைதான் ஓடுகிறது. ஞாயிறு ஓய்வு, இங்கே சட்டமும் அதுதான்.

சுவரை ஒட்டி ஒரு சாண் அகலப் புல்லை அது தொடுவதில்லை. அதற்கும் இலையுதிர்காலக் குப்பைக்கும் அதே தோட்டக்காரரை ஆண்டுக்கு மூன்று முறை அழைக்கிறோம்.