நான் சொன்ன ஒரு 'சீ': உங்களுக்கும் உண்டா?

லயத்துப் பெண்:
மலேசியாவில், சுங்கை பட்டாணிக்குப் போகும் மத்தியான பஸ். நான் படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வருஷம். பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டுமென்று அம்மா ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பால் (உறைந்துபோன ரப்பர் பால்) எடுத்துவிட்டு அவசரமாக ஏறினார். அந்த நாற்றத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார வந்தவரைப் பார்த்து 'சீ' என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்றே வந்தார். பஸ் வளையும்போதெல்லாம் தடுமாறினார்.

கடைத்தெருக்காரன்:
அக்கா, எனக்கு அடி விழாத குறை. சீனப் பெருநாளுக்கு முந்தின நாள் தவுக்கே, அதான் சீனக் கடை முதலாளி, நிறுத்துக்கொண்டிருந்த கருவாட்டில் புழு நெளிந்தது. 'சீ! சீ!' என்று கத்திவிட்டேன். அவர் பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழியில் அந்த ஒலிக்குச் சாவு என்று பொருள். சிவப்புத் துணி கட்டிய கடையில், அதுவும் இரண்டு தடவை! தராசுத் தட்டைத் தரையில் போட்டுவிட்டு வாசலைக் காட்டினார். ஒரு மாதம் கடன் கிடையாது. மற்றபடி தமிழில் 'சீ' அவ்வளவு கடுமையான சொல் இல்லை. என் பாட்டி தாத்தாவிடம் 'சீ, போங்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, அப்படித் தள்ளிவிடாதீர்கள். புண்ணில் வடிகிற சீழுக்கும் 'சீ' என்றுதான் பெயர். 'பிழைப்பே சீ என்றாகிவிட்டது' என்றால் அலுப்பு. எட்டாத திராட்சையை நரி 'சீச்சீ' என்றது வீம்பு. உங்கள் பாட்டி இழுத்துச் சொல்லியிருப்பார், அது வெட்கம். பஸ்ஸில் சொன்னது வெட்டிச் சொன்னது. மலாய்க்காரர்களின் 'சிஸ்' என்ற ஏச்சும் அப்படி வெட்டித்தான் விழும். பள்ளியில் கொடுத்த பாலைப் பார்த்து 'சீ' என்ற பையனை நான் அடித்துவிட்டேன், என் அனுபவம் அவ்வளவுதான்.

அம்மா, உங்களுக்கு ஒரு யோசனை. ரப்பர் பாலில் உள்ள புரதம் அழுகித்தான் ஒட்டுப்பால் நாறுகிறது. வெறும் சோப்புக்கு அது அசையாது. எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டு நகக்கண் வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் சாம்பல், பிறகுதான் சோப்பு. மணிக்கட்டை விட்டுவிடக் கூடாது. தாயாரிடம் இன்றே சொல்லுங்கள்.

லயத்துப் பெண்:
ஐயா, அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனை. அம்மாவும் இல்லை. அன்று எலுமிச்சை தேய்த்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். அந்த வாசமும் சேர்ந்துதான் அடித்தது.