ஸ்மோக் இவாக்குவேட்டர் (புகை உறிஞ்சும் கருவி) ஓடியும் ஆபரேஷன் தியேட்டரில் புகை நிற்கிறது, உதவுங்கள்

மார்பக அறுவை சிகிச்சைகளில் காட்டரி (மின்சாரச் சூட்டால் திசுவை வெட்டி, ரத்தக்கசிவை நிறுத்தும் கருவி) புகை முழுதாக இழுபடவில்லை. 3 வாரமாக, அதாவது 10 மி.மீ. புகைக் குழாய் பொருத்திய காட்டரி பென்சிலுக்கு (கையில் பிடிக்கும் பகுதி) மாறியதிலிருந்து இப்படித்தான். கோயாக் (ரத்தத்தை உறைய வைக்கும் செட்டிங்) 40 வாட். கொழுப்பு கருகும்போது ஒரு இழை புகை பென்சில் நுனியைத் தாண்டி ஏறி, லைட்டுக்கு அடியில் சுழல்வது கண்ணுக்கே தெரிகிறது. நீண்ட கேஸ் முடிந்தால் ஸ்க்ரப் நர்ஸுக்கும் உதவி சர்ஜனுக்கும் தலைவலி, தொண்டை எரிச்சல். மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் கருகல் வாடை மூக்கிலேயே நிற்கிறது.

இவாக்குவேட்டரின் உல்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி) புதிது. குழாயில் மடிப்போ ஓட்டையோ இல்லை, அடாப்டரும் இறுக்கமாகவே இருக்கிறது. பழைய 22 மி.மீ. குழாயைக் காயத்திலிருந்து 5 செ.மீ.க்குள் பிடித்தால் புகை உடனே போய்விடுகிறது. ஆனால் அதற்கென்றே ஒரு கை வேண்டும்; ஆழத்தில் வேலை செய்யும்போது பார்வையையும் மறைக்கிறது. சுவர் சக்‌ஷனும் போட்டுப் பார்த்தோம். ரத்தம் இழுக்கச் சரி, இவ்வளவு புகைக்கு அதன் காற்றிழுப்பு போதவில்லை.

என்95 கொடுக்கிறோம். அது துகளைத்தான் பிடிக்கும். பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு போன்ற வாயுக்களைத் தடுக்காது. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கை நம்பவே முடியாது, ஓரங்களில் காற்று புகுந்துவிடும். புகையை எழும் இடத்திலேயே பிடித்தாக வேண்டும்.

ஆழமான காயத்தில், கூடுதல் ஆள் இல்லாமல் 22 மி.மீ. குழாயை 5 செ.மீ.க்குள் நிலையாக நிறுத்த எதில், எப்படிப் பொருத்துகிறீர்கள்?