ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு முதலில் காய்கறி மசியலா, பருப்புக் கஞ்சியா?

பாளை_புது_அம்மா:
வருகிற செவ்வாய்க்கிழமை என் மகனுக்கு ஆறு மாதம் முடிகிறது. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். இப்போது வீட்டில் இரண்டு கட்சி. சேரன்மகாதேவியில் இருக்கும் என் அத்தை ஏத்தங்காயை (நேந்திரங்காயை)ச் சீவி, வெயிலில் காயவைத்து, மாவாக அரைத்து டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். "உன் வீட்டுக்காரனை இதிலதான் வளர்த்தேன்" என்கிறார்கள். என் வீட்டுக்காரரோ காய்கறியை வேகவைத்து மிக்ஸியில் அடித்துத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்கிறார். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைத்தால் தப்பா? நீங்கள் எதில் ஆரம்பித்தீர்கள், ஏன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஞாயிறு_சமையல்:
தப்பே இல்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தேன். முதலில் மஞ்சள் பூசணி, அப்புறம் கேரட், சீனிக்கிழங்கு, பீர்க்கங்காய். மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுவேன். தோல் சீவி, ஒரே அளவாக நறுக்கி, இட்லிக் கொப்பரையில் தட்டு வைத்து ஆவியில் வேகவைக்க வேண்டும். தண்ணீரில் போட்டு அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சியும் அதோடு போய்விடும். ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். கொதித்து ஆறிய தண்ணீரோ தாய்ப்பாலோ கொஞ்சம் விட்டு அரைத்து, அரிப்பில் (சல்லடையில்) தேய்த்து எடுத்தால் நார் இல்லாமல் இருக்கும். உப்பு, சீனி எதுவும் வேண்டாம்.

ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி மூடி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். உறைந்த பிறகு கட்டிகளைப் பெட்டிக்கு மாற்றி, மேலே தேதி எழுதிவிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவேன். தேவைப்படும்போது ஒரு கட்டியை எடுத்து நன்றாகச் சூடாக்கி, ஆறவைத்து ஊட்டலாம். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

காய்கறியில் ஏன் ஆரம்பித்தேன் என்றால், பிள்ளை பிறந்ததிலிருந்து குடிப்பது இனிப்பான பால். அடுத்ததும் வாழைப்பழமும் ஏத்தங்காய்க் கஞ்சியும் என்று போனால், இனிப்பு இல்லாத ருசி எப்போது பழகும்? என் மகள் பீர்க்கங்காயை ஏழெட்டு தடவை துப்பினாள். விடாமல் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

கல்லிடை_அக்கா:
தங்கச்சி, நான் முப்பது வருஷம் கிராமத்தில் செவிலியராக வேலை பார்த்தவள். ஞாயிறு சமையல் சொன்ன சுத்தம், பதம் எல்லாம் சரி. ஆனால் காய்கறியை மட்டும் அரைத்துக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வயதில் பிள்ளையின் வயிறு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? உடல் எடை ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 30 கிராம். ஏழு கிலோ பிள்ளைக்கு ஒரு டம்ளர் கொள்ளும், அவ்வளவுதான். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி இருக்கிறது. மஞ்சள் பூசணியில் 100 கிராமுக்கு 25 கலோரி வந்தால் அதிகம். அதையும் தண்ணீர் விட்டு அரைத்தால் இன்னும் குறையும். பாலை விடச் சத்துக் குறைந்த ஒன்றை ஊட்டி வயிற்றை நிரப்பினால் பிள்ளை அந்த வேளை பாலைக் குறைத்துக்கொள்ளும். எடை ஏறவில்லை என்று தராசுப் பக்கம் வந்து நிற்கிற அம்மாக்கள் பாதிப் பேரிடம் விசாரித்தால் "காய்கறி தண்ணி கொடுக்கேன், பருப்பு தண்ணி கொடுக்கேன்" என்பார்கள். தண்ணீரில் என்ன இருக்கிறது?

நான் ஒவ்வொரு வீட்டிலும் செய்து காட்டுவது ஒன்றுதான். ஊட்டுகிற உணவைக் கரண்டியில் எடுத்து மெதுவாகச் சாயுங்கள். வழிந்து ஓடினால் அது பிள்ளைக்குக் காணாது. கரண்டியிலேயே உட்கார்ந்திருந்து, சாய்த்தால் தயங்கி நழுவ வேண்டும்.

இன்னொன்று இரும்புச்சத்து. பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. பூசணியிலும் கேரட்டிலும் அது இல்லையென்றே சொல்லலாம். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, லேசாக வறுத்துக் குழைய வேகவையுங்கள். அதில் ஒரு துண்டு பூசணி, அரை டீஸ்பூன் நெய். மத்தால் கடைந்து ஊட்டுங்கள். தினமும் புதிதாக.

ஞாயிறு_சமையல்:
அக்கா, உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் பிள்ளை சாப்பிடுவது இரண்டு மூன்று கரண்டி. அதனால் பால் குறையப்போவதில்லை. அந்த நாட்கள் வயிறு நிரப்ப இல்லை, நாக்குக்குப் பழக்கத்தான். பருப்பு, அரிசி, காய், நெய் எல்லாவற்றையும் முதல் நாளே ஒன்றாகக் கடைந்து கொடுத்தால் எதிலும் தனி ருசி தெரியாது. உடம்பில் தடிப்பு வந்தாலும் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"தினமும் புதிதாக" என்பது வீட்டில் இரண்டு பேர் இருந்தால் முடியும். காலை ஏழரைக்கு பஸ் பிடிக்கிற அம்மாவிடம் அதைச் சொன்னால் அவள் கடைசியில் கடையில் விற்கிற டப்பா மாவுக்குத்தான் போவாள். நான் ஃப்ரீசருக்காகப் பேசுவது அதனால்தான்.

தென்காசி_அப்பா:
என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குப் பத்து மாதம் வரை எல்லாவற்றையும் மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அரைத்தே கொடுத்தோம். அரிப்பில் வேறு தேய்ப்போம். நன்றாகச் சாப்பிட்டான், எங்களுக்குப் பெருமை. பதினோராவது மாதம் குழைந்த சோற்றை ஊட்டினால் ஒரே ஒரு பருக்கையைக்கூட நாக்கால் முன்னால் தள்ளி உதட்டில் கொண்டுவந்து வைப்பான். அடுத்த வாய்க்கு ஓங்கரிப்பான். மென்று தின்ன அவனுக்குத் தெரியவே இல்லை. குழந்தை மருத்துவர், எட்டு மாதத்திலேயே மிக்ஸியை நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். கரண்டியால் மசித்தது, அப்புறம் கையால் பிசைந்தது என்று பழக்கி எடுக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் என் மனைவி ஒவ்வொரு வேளையும் அழுதாள்.

ஃப்ரீசர் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் பேசித் தீருங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்த அரிப்பை இரண்டு வாரத்துக்கு மேல் தொடாதீர்கள்.

கல்லிடை_அக்கா:
தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஓங்கரிப்பைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். அது பிள்ளை கற்றுக்கொள்கிற விதம். சத்தமே வராமல், இருமவும் அழவும் முடியாமல் திணறினால்தான் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதனால் பச்சைக் கேரட், முழுக் கடலை, முழுத் திராட்சை இந்த வயதில் கூடவே கூடாது. ஊட்டும்போது உட்காரவைத்து ஊட்டுங்கள், மடியில் படுக்கப்போட்டு வேண்டாம்.

மேலப்பாளையம்_ராத்தா:
இவ்வளவு நேரம் இரும்பு இரும்பு என்று பேசுகிறீர்கள், முட்டையை ஒருவரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் ஏழாவது மாதத்தில் நன்றாக அவித்த முட்டை, ஆட்டு ஈரல் இரண்டும் உண்டு. ஈரலை நன்றாக வேகவைத்து, துருவி, சோற்றோடு பிசைந்து ஒரு கரண்டி. வாரம் ஒரு முறைதான், அதற்கு மேல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கீரையில் உள்ள இரும்பை விடக் கறியில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆறு மாதத்துக்கு மேல் முட்டை, மீன், கறி போன்றவற்றைத் தினமும் கொடுக்கச் சொல்கிறது.

பாளை_புது_அம்மா:
ராத்தா, நாங்கள் சைவம். முட்டையும் வீட்டுக்குள் வராது.

மேலப்பாளையம்_ராத்தா:
அப்படியானால் பருப்பை விடாதீர்கள்மா. பருப்பு உணவோடு நாலு சொட்டு எலுமிச்சையோ கொஞ்சம் நெல்லிக்காயோ சேருங்கள், புளிப்பில் இருக்கிற வைட்டமின் சி அந்த இரும்பை இழுத்துக்கொடுக்கும். அரசு கொடுக்கிற இரும்புச்சத்து சிரப்பும் இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை, 1 மில்லி. செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

பாவூர்சத்திரம்_விவசாயி:
நான் காய்கறி போடுகிறவன், அதனால் ஒரு வார்த்தை. ஞாயிறு சமையல் தங்கச்சி பட்டியலில் கீரை இல்லாதது நல்லது. கீரை, பீட்ரூட் இரண்டிலும் நைட்ரேட் இயல்பாகவே கூடுதல். அரைத்த மசியலை வெளியிலோ ஃப்ரிட்ஜிலோ வைத்திருந்தால் அது நைட்ரைட்டாக மாறும், சின்னப் பிள்ளை ரத்தத்துக்கு ஆகாது. கீரையைப் பறித்த அன்றே கடைந்து அன்றே கொடுங்கள். மீந்தால் பெரியவர்கள் சாப்பிடுங்கள். மருந்து அடிக்கிற காய்களை ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவித் தோல் சீவுங்கள். பூசணி, தடியங்காய் (வெண்பூசணி) போன்றவற்றில் தோல் தடிமன், சீவிவிட்டால் பயம் குறைவு.

ஃப்ரீசரை நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பரில் நம்ம திருநெல்வேலிப் பக்கம் வந்த வெள்ளம் நினைவிருக்கிறதா? 17, 18 தேதிகளில் பெய்த மழையில் எத்தனை வீட்டில் எத்தனை நாள் கரண்ட் இல்லை? அப்போது என் தங்கச்சி டவுனில் இருந்தாள், பிள்ளைக்கு எட்டு மாதம். பெட்டி பெட்டியாக உறையவைத்திருந்ததை எல்லாம் வாய்க்காலில் கொட்டினாள். மூன்று நாள் அந்தப் பிள்ளை பசியாறியது பக்கத்து வீட்டு ஆச்சி கொடுத்த ஏத்தங்காய் மாவில். பாளை அம்மா, உங்கள் அத்தை கொண்டுவந்த டப்பாவைக் குறைவாக நினைக்காதீர்கள்.

ஞாயிறு_சமையல்:
அண்ணாச்சி, வெள்ளம் வருகிற நாளை வைத்து மற்ற நாளைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் கரண்ட் போய் உருகியதை இரக்கம் பார்க்காமல் கொட்ட வேண்டும் என்பதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு.

ஏத்தங்காய் மாவு கெட்டது என்று நானும் சொல்லவில்லை. அதில் எல்லா வீட்டிலும் கருப்பட்டி போடுகிறார்கள், என் சண்டை அதோடுதான். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அது இனிப்புதான். ஒரு வயது வரை வேண்டாம்.

கல்லிடை_அக்கா:
கருப்பட்டி ஒரு துளி போட்டதால் கெட்டுப்போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இல்லாமல் பழக்குவது நல்லதுதான், அதில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. தேன் விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிறந்த பிள்ளைக்குச் சேனை (முதல் இனிப்பு) தொட்டு வைக்கிறோம், நாக்கில் தடவுகிறோம் என்று ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். பிள்ளை துவண்டுவிடும், பால் குடிக்கவும் வலு இருக்காது.

பாளைத் தங்கச்சிக்கு: கழுத்து நிற்கிறதா, பிடித்து உட்காரவைத்தால் உட்காருகிறானா, நீங்கள் சாப்பிடும்போது கையை நீட்டுகிறானா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை போதும். பால் இரண்டு வயது வரைக்கும் தொடரட்டும்.

ஞாயிறு_சமையல்:
அக்கா, ஒன்று செய்யலாமா? பூசணியை நான் சொன்ன மாதிரி ஆவியில் வேகவைத்துத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். முதல் இரண்டு நாள் அது மட்டும், நெய் ஒரு சொட்டு விட்டு. மூன்றாவது நாளிலிருந்து அதையே பருப்புச் சோற்றில் மசித்துக் கொடுக்கட்டும்.

கல்லிடை_அக்கா:
இரண்டு நாள் என்றால் சரி. இரண்டு வாரம் என்றால் இல்லை. மிக்ஸியும் வேண்டாம், மத்து போதும்.

பாளை_புது_அம்மா:
செவ்வாய்க்கிழமை ஆரம்பித்துவிட்டோம். காலை பத்தரை, ஒரு தூக்கம் போட்டு எழுந்த நேரம். வீட்டுக்காரர் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார். பூசணியை அத்தைதான் மத்தால் மசித்தார்கள். அக்கா சொன்னபடி கரண்டியைச் சாய்த்துப் பார்த்தேன், வழிந்து ஓடாமல் தயங்கித்தான் நழுவியது. முதல் வாயை நாக்கால் முழுவதும் வெளியே தள்ளினான். தாடையில் வழிந்ததை வழித்துத் திரும்ப வைத்தேன், அதையும் தள்ளினான். மூன்றாவது கரண்டிக்கு அவனே கரண்டியைப் பிடித்து இழுத்தான். வாய்க்குள் போனதும் அப்படியே நிறுத்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம் விழுங்கினான். புருவம் வரைக்கும் மஞ்சள். மொத்தம் இரண்டு கரண்டி உள்ளே போயிருக்கும்.

ஏத்தங்காய்க் கஞ்சி அடுத்த வாரம் சாயங்கால வேளைக்கு, கருப்பட்டி இல்லாமல். அதைச் சொன்னதும் அத்தை முகம் வாடிவிட்டது. "சப்புன்னு எப்படிலா குடிப்பான்" என்று இரண்டு தடவை கேட்டார்கள். ஆனாலும் சரி என்றுவிட்டார்கள்.

கிண்ணத்தில் பாதி மீந்தது, ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். மத்தியானம் கொடுக்கலாமா?

கல்லிடை_அக்கா:
வேண்டாம். அவன் வாயில் பட்ட கரண்டி அதில் பட்டுவிட்டது. எச்சில் கலந்தது சீக்கிரம் கெடும்.

ஞாயிறு_சமையல்:
ஆமாம், கொட்டிவிடுங்கள், அல்லது நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். நாளைக்கு இரண்டு கரண்டியை மட்டும் சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து ஊட்டுங்கள், மீதியில் கரண்டி படவே வேண்டாம். நாளைக்கு மலம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ போனால் பயப்படாதீர்கள், பூசணி நிறம்தான் அது.