மால்டி இமேஜிங்கில் இலை நோய் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொடிவேர்:
ஜெர்மனியில் திராட்சையின் அடிச்சாம்பல் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். மால்டி இமேஜிங், அதாவது திசுவை லேசரால் புள்ளி புள்ளியாகச் சுட்டு, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று படமாக்கும் கருவியோடு மல்லுக்கட்டியவர்கள் பட்டதைச் சொன்னால் புதிதாக வருபவர்களுக்கு உதவும். முதலில் என் கதை.

இலையில் சிறு வட்டமாக வெட்டி, ஈரத்தாளில் வைத்து, அடிப்பக்கத்தில் நோய்க்கிருமி கலந்த நீர்த்துளியை வைப்போம். பிறகு வட்டத்தை உலர்த்தி, தகட்டில் ஒட்டி, 50 மைக்ரான் இடைவெளியில் லேசரால் சுடவேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் அயனிகளின் நிறை பதிவாகும். அப்புறம் ஏதாவது ஒரு நிறையைத் தேர்ந்தெடுத்தால், அது இலையில் எங்கெங்கே இருக்கிறது என்று படமாக வரும். வழக்கமாக லேசரை உறிஞ்ச மேட்ரிக்ஸ் என்ற பொருளைத் திசுமேல் தெளிப்பார்கள். திராட்சை இலை நோயை எதிர்க்கச் சுரக்கும் ரெஸ்வெரட்ரால் புற ஊதா ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், அதற்கு மேட்ரிக்ஸ்கூட வேண்டாம்.

முதல் படத்திலேயே துளி வைத்த இடத்தில் ரெஸ்வெரட்ராலின் நிறையான 228 பளிச்சென்று வந்தது. கண்ணுக்கு அங்கே ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. சந்தோஷத்தில் படத்தை உடனே பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள்தான் கிருமியே வைக்காத வட்டத்தை ஓட்டினேன். அதிலும் 228! ஓரம் முழுக்க ஒரு வளையம், நடுவில் அருகருகே இரண்டு பொட்டு. அரைமணி நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது: வளையம் வெட்டுக்காயம், பொட்டுகள் நான் இடுக்கியால் பிடித்த இடம். காயம் பட்டாலும், புற ஊதா ஒளி பட்டாலும் திராட்சை இலை ரெஸ்வெரட்ரால் சுரக்கும். பாடத்தில் படித்ததுதான், கையில் இடுக்கி இருந்தபோது ஞாபகம் வரவில்லை. முதல் படத்திலும் அந்த ஓர வளையம் இருந்திருக்கிறது. நான்தான் கண்டுகொள்ளவில்லை.

கதிர்பூஞ்சை:
முதலில் ஒரு விளக்கம். பலர் நினைப்பதுபோல் அடிச்சாம்பல் கிருமி உண்மையான பூஞ்சை இல்லை, ஊமைசீட் என்ற தனி வகை. பாசிகளுக்குத்தான் நெருக்கம். (இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

நான் கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையைப் பார்த்தேன். அது விடும் நஞ்சு டிஆக்ஸிநிவலெனால், நிறை 296. சோடியம் ஒட்டிக்கொண்டால் 319-இல் தெரியும். நோய்ப்பட்ட திசுவில் 319-ஐ விட 335 பிரகாசமாக வந்தது. ஓர் ஆக்ஸிஜன் கூடினால் 16 கூடும். அப்படிப் பார்த்தால் அது நிவலெனால் என்ற வேறொரு நஞ்சு. இரண்டையும் பிடித்துவிட்டோம் என்று மாநாட்டுப் போஸ்டர் வரைக்கும் போய்விட்டோம். அதற்கு முந்தைய வாரம் ஒரு சக மாணவி கேட்டார்: "நாம் தடவிய பூஞ்சை ரகம் நிவலெனால் தயாரிக்காதே?" தயாரிக்காதுதான். சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஒட்டினாலும் ஏறக்குறைய 16தான் கூடும். வித்தியாசம் 0.02, எங்கள் பழைய கருவி அதைப் பிரித்துப் பார்க்காது. செடித் திசுவில் பொட்டாசியத்துக்கா பஞ்சம்! நல்ல பிரிதிறன் உள்ள கருவியில் ஓட்டியபோது 335.09 என்று வந்தது. நிவலெனால் என்றால் 335.11 வந்திருக்க வேண்டும். போஸ்டரில் பாதியைக் கிழித்தோம்.

பனித்துளி:
என் தவறு சின்னது. உறைபெட்டியிலிருந்து எடுத்த தகட்டை அப்படியே திறந்துவிட்டேன். காற்றின் ஈரம் துளித்துளியாக அதன்மேல் படிந்து, இருந்ததையெல்லாம் கரைத்துப் பரப்பிவிட்டது. படம் முழுக்க வட்டம் வட்டமாக "நோய்". மூடிய டப்பாவில் வைத்தே அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று, உறைந்த திசுவை மெல்லியதாக வெட்டுவதற்கு ஓசிடி என்ற பசையில் பதிக்காதீர்கள், நிறையில் 44, 44 இடைவெளியில் அந்தப் பசையின் பாலிமர் சிகரங்கள் வரிசையாக வந்து மற்றதை மறைத்துவிடும். ஜெலட்டின் போதும்.

பன்னீர்த்தோட்டம்:
கம்பத்தில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். எங்களுக்கு இலை மேலே எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் திட்டு, திருப்பினால் வெள்ளையாகப் பூஞ்சணம், அப்போதுதான் தெரியும். அதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்கிறீர்களே தம்பி, அந்தக் கருவி தோட்டத்துக்கு வருமா?

கொடிவேர்:
வராது அண்ணே. அறையை அடைத்துக்கொண்டு நிற்கும், வெற்றிடத்தில்தான் ஓடும், ஒரு இலைத்துண்டுக்கே மணிக்கணக்கில் ஆகும். மழையையும் ஈரத்தையும் வைத்து நீங்கள் கணிப்பதுதான் தோட்டத்துக்குச் சரி.

இது உதவுவது ரகம் தேர்வு செய்வதில். சுவிட்சர்லாந்தில் சாஸ்லா, சோலாரிஸ் என்ற இரண்டு ரகங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டுமே ரெஸ்வெரட்ரால் சுரக்கின்றன. நோய்க்கு ஆளாகும் சாஸ்லா அதில் சர்க்கரையை ஒட்டி, கிருமிக்கு உறைக்காத பொருளாக மாற்றிவிடுகிறது. தாங்கி நிற்கும் சோலாரிஸ் அதையே விநிஃபெரின் என்ற காரமான பொருளாக மாற்றுகிறது. இலையை அரைத்து அளந்தாலும் இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் அந்தக் காரம் கிருமி நுழைந்த இடத்திலேயே இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று பார்க்கப் படம்தான் வேண்டும்.

பன்னீர்த்தோட்டம்:
எங்கள் பன்னீர் எந்தப் பக்கம்?

கொடிவேர்:
பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க், ஐரோப்பிய இனம். இந்த நோயோ அமெரிக்காவிலிருந்து 1878 வாக்கில் ஐரோப்பாவுக்குப் போனது. பன்னீர் அதோடு பழகி வளர்ந்த இனம் இல்லை. சாஸ்லா பக்கம்தான் அண்ணே.

பன்னீர்த்தோட்டம்:
சரி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையே கதி. இங்கே ராத்திரி முழுக்கத் தூறல், நான் சுண்ணாம்பு கரைக்கப் போகிறேன்.